காயாத மண்

சிம்பாங் அம்பாட் என்றால் நாற்சந்தி. பெயர் வைத்தவர்கள் அதற்கு மேல் யோசிக்கவில்லை. சிரம்பானிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால், பெடாஸ் லிங்கி கழிந்து மலாக்கா மாநிலத்துக்குள் நுழைந்ததும் வருகிற டோல் சாவடி அதுதான். வெளியே வந்தவுடன் அ ஃபமோசா உல்லாசத் தலத்துக்கு வழி சொல்லும் பலகைகள் நிற்கும். விடுமுறை நாளில் பாதிக் கார்கள் அந்தப் பக்கம்தான் திரும்பும். நாங்கள் திரும்பவில்லை.

"பழைய சப்பாத்தா போட்டுக்கிட்டு வாங்க மாமா" என்று அக்கா மகன் முந்தின இரவே சொல்லியிருந்தான். மண் பரிசோதனைக் கூடம் ஒன்றில் அவன் டெக்னீஷியன், பன்னிரண்டு வருஷமாக. அக்காவுக்கு அந்தப் பதவிப் பெயர் வாயில் நுழையாது. யாராவது கேட்டால் "மண்ணு அள்ற வேலை" என்பாள். அதுவும் பிழையில்லை. வாரத்தில் ஆறு நாள் அவன் மண்ணை அள்ளுகிறான், நிறுக்கிறான், சலிக்கிறான், சுடுகிறான். இந்த முறை போகிற இடம் சிம்பாங் அம்பாட்டுக்குப் பக்கத்தில் எழும்பும் ஒரு புதிய தாமான் என்றதும் நானும் தொற்றிக்கொண்டேன். எங்கள் அம்மா பால் மரம் வெட்டிய தோட்டம் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய், இப்போது இரட்டை மாடி வீடுகள் வந்துகொண்டிருக்கின்றன. மலாக்காவுக்கு இந்த மாற்றம் புதிதல்ல. 1896ல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவர் விற்பனைக்கென்று ரப்பர் நட்டதே மரவள்ளியும் காடும் இருந்த சீமையில்தான்.

நாற்சந்தி ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முடிய மணி எட்டேகால். தளத்துக்குப் போனபோது மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டுமுகம் ஆளுயரத்துக்கு நின்றது. மேலே ஒரு முழம் தவிட்டு நிறம். அதற்குக் கீழே செக்கச் செவேலென்று, உள்ளே கடலைப்பருப்பு முதல் கோலிக்குண்டு வரை அளவில் கரும்பழுப்புச் சரளை. இன்னும் கீழே வெள்ளையும் மஞ்சளும் சிவப்பும் திட்டுத் திட்டாக, யாரோ வெற்றிலை துப்பிய சுவர் மாதிரி. ஒரு சரளையை நிமிண்டி எடுத்தேன். கைக்குக் கனமாக இருந்தது.

"இரும்பு மாமா. பாதிக்குப் பாதி இரும்புத் துரு."

மலேசிய மண்ணியலாளர்கள் மண் வகைகளுக்கு ஊர்ப் பெயர் வைப்பார்கள். ரெங்கம், முஞ்சோங் என்று வரிசையாக உண்டு. இந்தச் சரளை மண்டிய செம்மண்ணுக்கு அவர்கள் இட்ட பெயர் 'மலாக்கா'. தோட்டத்து மேனேஜர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும். வேர் இறங்காது, தண்ணீர் நிற்காது. சாலை போடுகிறவனுக்கோ அதே மண் வரப்பிரசாதம். தோட்டத்து ரோடு எல்லாம் இந்தச் செஞ்சரளையைக் கொட்டி மிதித்ததுதானே. விடியற்காலையில் மரத்துக்கு மரம் ஓடும்போது இந்தக் கல்தான் உள்ளங்காலில் குத்தும் என்று அம்மா சொல்வாள்.

அக்கா மகன் வேலையைத் தொடங்கினான். ரோலர் ஏறி இறங்கிய தளத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்து, நடுவில் வட்ட ஓட்டை உள்ள இரும்புத் தட்டைப் பதித்தான். ஓட்டைக்குள் உளியும் சுத்தியலுமாகத் தோண்டினான். 200 மில்லிமீட்டர் அகலம், 150 மில்லிமீட்டர் ஆழம். தோண்டிய மண்ணில் ஒரு பொட்டு சிந்தக்கூடாது. கரண்டியால் வழித்து, கடைசியில் பெயின்ட் தூரிகையால் குழியைக் கூட்டி, எல்லாவற்றையும் மூடி போட்ட டப்பாவில் அடைத்தான். பிறகு ஒரு பெரிய உருளைப் பாத்திரத்தைக் குழிமேல் வைத்தான். அதற்குள் ஒரே சீராகச் சலித்துக் காயவைத்த மணல் இருந்தது. திருகைத் திறப்பதற்கு முன் எழுந்து நின்று, தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த ரோலரைப் பார்த்துக் கையை உயர்த்தினான். ஓட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத்துப் பையன் வழக்கம் தெரிந்தவன் போலும், இஞ்சினை அணைத்துவிட்டுச் சிகரெட் பற்றவைத்தான். நிலம் அதிர்ந்தால் குழிக்குள் இறங்கும் மணல் நெருங்கி உட்கார்ந்துவிடும். அளவுக்கு மேல் மணல் இறங்கும், குழி பெரிதாகத் தெரியும், நன்றாக மிதித்த நிலம்கூடத் தேறாமல் போகும். அந்த அரை நிமிட அமைதியில் மணல் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அரிசி அளக்கிற சத்தம்.

கணக்கு எளிது. குழியிலிருந்து வந்த மண் 9.6 கிலோ. குழியை நிரப்பிய மணல் 6.9 கிலோ. அந்த மணல் லிட்டருக்கு 1.45 கிலோ என்று முன்பே அளந்து வைத்திருக்கிறார்கள். ஆக, குழியின் கொள்ளளவு 4.76 லிட்டர். மண்ணின் அடர்த்தி லிட்டருக்கு 2.02 கிலோ. ஒழுங்கற்ற குழியின் கொள்ளளவை மணலை விட்டு அளப்பது என்கிற இந்த யுக்தியைப் பார்த்தபோது எனக்குத் தோட்டத்துக் கோயில் ஞாபகம் வந்தது. கோயில் கட்ட இடம் பார்த்தபோது பெரியவர்கள் ஒரு முழத்துக்குக் குழி வெட்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு நிரப்பினார்கள். மண் மிஞ்சினால் உத்தமம், சரிக்குச் சரியானால் மத்திமம், குறைந்தால் அந்த மனை வேண்டாம். மனையடி சாஸ்திரத்திலும் மயமதம் போன்ற சிற்ப நூல்களிலும் இருக்கிற முறை. நெருங்கிக் கிடந்த மண் வெளியே வந்தால் உப்பும், குழிக்குள் அடங்காமல் மிஞ்சும். பொருபொருவென்று கிடந்தது மறுபடி போடும்போது அமுங்கிவிடும். தராசு இல்லாத அடர்த்திச் சோதனை. சொன்னேன்.

"அது சரிதான் மாமா. ஆனா தண்ணிக் கணக்கு அதுல இல்லையே" என்றான்.

தண்ணீர்க் கணக்குதான் அவன் தொழிலின் உயிர்நாடி என்பது அடுத்த குழியில் தெரிந்தது. இருபது அடி தள்ளி, பள்ளத்து ஓரமாகத் தோண்டினான். அங்கேயும் அடர்த்தி 2.01. முதல் குழிக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை என்று நினைத்தேன். அவன் ஒரு சின்ன எஃகுக் குப்பியை எடுத்தான். ஈர மண் ஒரு சிட்டிகை, சாம்பல் நிறப் பொடி ஒரு கரண்டி, இரண்டு இரும்புக் குண்டு. மூடித் திருகி, குலுக்கினான். பொடி கால்சியம் கார்பைட். தீபாவளிக்கு மூங்கில் பீரங்கிக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றி வெடிப்போமே, அதே கார்பைட்; புருவம் கருகிய தோழர்கள் சிலர் எனக்கு உண்டு. மண்ணில் இருக்கும் ஈரம் கார்பைடோடு சேர்ந்து அசிட்டிலீன் வாயுவாகிறது, வாயுவின் அழுத்தம் அடியிலுள்ள முள்ளை நகர்த்துகிறது. முதல் குழி மண்ணுக்கு முள் 12.3ல் நின்றது. அது ஈர எடையில் விழுக்காடு. காய்ந்த எடைக்கு மாற்றினால் 14. இரண்டாவது குழிக்கு 15.3, மாற்றினால் 18.

இப்போது தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் முதல் குழியின் காய்ந்த அடர்த்தி 1.77, இரண்டாவதற்கு 1.70. ஆய்வுக்கூடத்தில் இதே மண்ணை முழு பலத்தோடு இடித்தபோது கிடைத்த உச்சம் 1.84. உச்சத்தில் 95 விழுக்காடாவது தளத்தில் வர வேண்டும் என்பது ஒப்பந்தம். முதல் குழி 96. இரண்டாவது 92 சொச்சம், தேறவில்லை. எடையில் ஒரே மாதிரி இருந்த இரண்டு மண்ணில் ஒன்று, தண்ணீரைக் காட்டி எடை கூட்டியிருக்கிறது. பாலில் தண்ணீர் கலந்து விற்கிறவர் செய்கிற வேலைதான்.

தளத்து மேற்பார்வையாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "லோரி ஓடுது, டயர் பதியவே இல்லை, இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். அக்கா மகன் குரலை உயர்த்தவில்லை. "கெட்டியா இருக்கிறது வேற அங்கிள், நெருங்கி இருக்கிறது வேற. முந்தாநாள் மழை பேஞ்சுச்சில்ல? கிளறிக் காயவிட்டு மறுபடி ஓட்டச் சொல்லுங்க." அவர் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். இந்த வேலையில் எண்ணை எழுதுவதைவிட எழுதியதை மாற்றாமல் இருப்பதுதான் கஷ்டம் என்று எனக்குப் பட்டது. அவன் அதைப்பற்றிப் பேசவில்லை.

தண்ணீர் ஏன் இப்படி ஆட்டிவைக்கிறது என்பதை 1933ல் கணக்காக எழுதிக் காட்டியவர் கலிபோர்னியாவின் ரால்ஃப் பிராக்டர். லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு மண் அணைகள் கட்டிக்கொண்டிருந்த பொறியாளர். காய்ந்த மண்ணை எவ்வளவு இடித்தாலும் துகள்கள் வழுக்கி இடம்மாறாது. கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் வழுக்கும், நெருங்கும். மேலும் ஊற்றினால் துகள் உட்கார வேண்டிய இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும். நடுவில் ஓர் ஈரப்பதத்தில் அடர்த்தி உச்சத்தைத் தொடும். அந்த உச்சத்தைக் கண்டுபிடிக்க ஒரு லிட்டர் இரும்புக் குடுவையில் மண்ணை ஐந்து அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் 4.5 கிலோ சம்மட்டியால் 450 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து 27 முறை இடிப்பார்கள். அப்படி ஐந்தாறு குடுவை, ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஈரம். பிராக்டர் முதலில் வைத்தது இதைவிட லேசான இடி. விமானமும் பெரிய லாரியும் வந்தபிறகுதான் இடி கூடியது.

மஞ்சள் பெட்டிக்குள் சீசியமும் அமெரிசியமும் வைத்து ஒரு நிமிடத்தில் அடர்த்தியும் ஈரமும் சொல்லும் அணுக்கதிர் மானியும் உண்டு. அதற்குத் தனி உரிமம் வேண்டும். அது வந்தபிறகும் குழி தோண்டுவதை ஏன் விடவில்லை என்று கேட்டேன். மானி ஹைட்ரஜனைத்தான் எண்ணுகிறது. நம் செம்மண்ணில் களியின் கட்டமைப்புக்குள்ளேயே ஹைட்ரஜன் பூட்டிக் கிடக்கிறது. மானி அதையும் ஈரம் என்று எண்ணிவிடும். குழியை வைத்துத் திருத்தாமல் அதை நம்ப முடியாது என்றான்.

நண்பகலில் வெயில் ஏறியதும் தாபோ நானிங் பக்கம் போனோம். சிம்பாங் அம்பாட்டுக்குப் பக்கம்தான். அங்கே டோல் சாயிட்டின் கல்லறை இருக்கிறது. நானிங்கின் தலைவர் அவர். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரி கொடு என்று கிழக்கிந்தியக் கம்பெனி கேட்டபோது மறுத்தார். 1831ல் வந்த படை தோற்று, பீரங்கிகளை விட்டுவிட்டு ஓடியது. 1832ல் பெரிய படையாக வந்து தாபோவைப் பிடித்தார்கள். வந்த சிப்பாய்களில் பெரும்பகுதி மதராஸ் படைப்பிரிவுகள். கூட வந்த பீரங்கிப் படை அதிகாரி பெக்பி 1834ல் ஒரு புத்தகமே எழுதினார். இரண்டாவது படை வேகமாக வரவில்லை. காட்டை அகலமாக வெட்டி, பாதை போட்டுக்கொண்டே நகர்ந்தது. தோட்டத்துத் தமிழர்கள் இந்த மண்ணில் ரோடு போட்டதற்கு அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்னால், மதராஸிலிருந்து வந்தவர்கள் இதே செஞ்சரளையில் மண்வெட்டி போட்டிருக்கிறார்கள். அவர்கள் எந்தப் பக்கம் நின்று போட்டார்கள் என்பது சங்கடமான விஷயம். கல்லறை அமைதியாக இருந்தது. நாங்கள் தவிர யாரும் இல்லை.

அங்கிருந்து அவன் ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். அது ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம். ஒரு பக்கம் சல்லடைகள் அடுக்கடுக்காக, நடுவில் அடுப்பு போன்ற இரண்டு உலர்த்திகள். அலமாரியின் மேல்தட்டில் பித்தளைக் கிண்ணம் ஒன்று தூசி படிந்திருந்தது. காசாகிராண்டே கிண்ணம். மண் குழைவை அதில் இட்டு நடுவே பள்ளம் கீறி, கைப்பிடியைச் சுற்றினால் கிண்ணம் 10 மில்லிமீட்டர் எழும்பி எழும்பி விழும். 25வது அடியில் பள்ளம் மூடிக்கொள்ளும் ஈரப்பதமே மண் கூழாகும் எல்லை. இப்போது கூர்முனைக் கூம்பு வந்துவிட்டது. 80 கிராம் கூம்பு 5 விநாடியில் 20 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். ஆளுக்கு ஆள் கை வேகம் மாறும் தொல்லை அதில் இல்லை.

கை இன்னும் வேண்டியிருப்பது மற்றொரு சோதனைக்கு. கண்ணாடித் தகட்டில் மண் உருண்டையை வைத்து, விரல்களால் முன்னும் பின்னும் உருட்டித் திரியாக்கினான். பெரிய கார்த்திகைக்கு அம்மா தொடையில் பஞ்சை உருட்டுவாளே, அந்த அசைவேதான். 3 மில்லிமீட்டர் தடிப்புக்கு வந்தும் திரி உடையவில்லை. மறுபடி உருண்டையாக்கி உள்ளங்கைகளுக்கிடையே பிசைந்தான். கைச்சூடு ஈரத்தை இழுக்கும். நாலாவது முறை, சரியாக 3 மில்லிமீட்டரில், திரியில் குறுக்காக மயிரிழை விரிசல்கள் விழுந்து துண்டு துண்டாக உதிர்ந்தது. "இந்த ஈரம்தான்" என்று உதிரிகளைச் சின்னத் தகரக் கிண்ணத்தில் போட்டு மூடினான். இதற்குக் கீழே இந்த மண் வனையாது. 1911ல் ஸ்வீடன் வேதியியலாளர் ஆட்டர்பர்க் வகுத்த எல்லை. அவர் பார்த்தது குளிர்நாட்டு விவசாயக் களிமண்.

அங்கேதான் வினை. அந்த முறைகள் எழுதப்பட்ட நாட்டில், மண்ணைக் காயவைத்துப் பொடித்து, சலித்து, மறுபடி தண்ணீர் விட்டுப் பிசைந்தால் பழைய மண்ணே திரும்பக் கிடைக்கும் என்று நம்ப முடியும். வெப்பநாட்டுச் செம்மண் அப்படிப்பட்ட பிராணி அல்ல. கோடிக்கணக்கான மழைநாட்கள் சிலிக்காவையும் சுண்ணாம்பையும் கழுவிக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் தங்கிவிட்ட மண் இது. அந்த இரும்பு ஆக்சைடு களித்துகள்களைக் குத்துக் குத்தாக ஒட்டிப் பிடித்திருக்கிறது. 105 பாகையில் சுட்டால் ஒட்டு இன்னும் இறுகி, களி மணலைப் போல நடந்துகொள்ளும். மாறாக, அளவுக்கு மீறிப் பிசைந்தால் குத்துகள் உடைந்து, அதே மண் திடீரென்று கொழகொழக்கும். சுடுகிறவனுக்கு ஒரு மண், பிசைகிறவனுக்கு இன்னொரு மண்.

அக்கா மகன் இரண்டு தட்டுகளைக் காட்டினான். ஒரே பையிலிருந்து வந்தவை. ஒன்று 50 பாகை உலர்த்தியில், இன்னொன்று 105ல். இரண்டின் ஈரப்பதமும் 4 முதல் 6 விழுக்காட்டுக்கு மேல் விலகினால், சூடு போக்கியது வெறும் ஈரத்தை அல்ல, மண்ணின் உடம்பிலிருந்த தண்ணீரையும் சேர்த்துத்தான். அப்படியானால் மற்ற சோதனைகள் எதையும் சுட்ட மண்ணில் செய்யக்கூடாது. தோண்டிய ஈரத்தோடே, பையை இறுக்கிக் கட்டிக் கொண்டுவந்து, அப்படியே செய்ய வேண்டும். வேலை கற்ற புதிதில், வேறோர் இடத்தில், அவசரத்துக்கு ஒரு பையைச் சுட்டு அவன் கொடுத்த கூழ் எல்லை, பிறகு காயாத மண்ணில் செய்தபோது பத்துக்கு மேல் வித்தியாசப்பட்டதாம். "யாரும் திட்டலை மாமா. ரெண்டு எண்ணும் கரெக்டாதான் இருந்துச்சு. அதான் பயமாப் போச்சு."

இந்த ஏமாற்றம் பெரியவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. மண் இயக்கவியலின் தந்தை என்று பொறியாளர்கள் சொல்லும் டெர்சாகி, கென்யாவின் சசுமுவா அணையைப்பற்றி 1958ல் எழுதினார். அங்கிருந்த செங்களி, சோதனை எண்களின்படி பார்த்தால் அணைக்கே ஆகாத கொழுத்த களி. தளத்திலோ பலமாகவும் வழுக்காமலும் நின்றது. துகள்கள் குத்தாக ஒட்டியிருப்பதே காரணம் என்று அவர் ஊகித்தார்.

இந்த மண்ணுக்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன். மதராஸிலிருந்து மைசூர், கனரா, மலபார் என்று போன பயணத்தை 1807ல் அச்சிட்டார். மலபாரின் அங்காடிப்புரத்தில் ஆட்கள் பூமியிலிருந்து இந்த மண்ணைக் கட்டி கட்டியாக அறுப்பதைக் கண்டார். அறுக்கும்போது மெத்தென்று இருக்கும், காற்றுப் பட்டுக் காய்ந்தால் செங்கல்லாகிவிடும்; லத்தீனில் செங்கல்லுக்கு 'லேட்டர்'. நாம் செம்புறாங்கல் என்கிறோம். மலாக்காவின் போர்த்துக்கீசியக் கோட்டை அ ஃபமோசாவும் அந்தக் கல்தான். நகரத்துக்கு எதிரே கடலிலுள்ள உப்பே தீவிலிருந்து வெட்டி வந்தது. புக்கானன் புத்தகம் வெளியான அதே 1807ல் ஆங்கிலேயர்கள் அந்தக் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சியது சந்தியாகோ வாசல் ஒன்றே. பள்ளிச் சுற்றுலாவில் அதன் சுவர்க் குழிகளுக்குள் விரல் விட்டது நினைவிருக்கிறது. காயவைத்தால் திரும்ப வராத மண் என்பதற்கு ஐந்நூறு வருஷச் சோதனை அங்கே நிற்கிறது, நாங்கள்தான் அதன்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டோம்.

ஐந்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அக்கா மகன் தளத்துக்குத் தொலைபேசியில் பேசினான். கிளறிப் போட்ட இடத்தை இன்னும் மூடவில்லை, தார்ப்பாய் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். "நாளைக்கும் வரணும்" என்று சொல்லிவிட்டு, சிரிப்பா சலிப்பா என்று தெரியாத ஒரு முகத்தோடு பைகளின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். ஒரு பையின் சீட்டில் இடத்தின் பெயருக்கு நேரே தாமான் பெயரும் மனை எண்ணும் எழுதியிருந்தது. அது முன்பு எந்த லயம் என்று நான் யூகிக்கப் பார்த்தேன். மேடு எல்லாம் மாறிவிட்டதால் பிடிபடவில்லை.

வீட்டு வாசலில் சப்பாத்தைத் தட்டினேன். மண் கட்டியாக உதிர்ந்தது. அடிப்பாகத்து வரிகளுக்குள் சரளை நாலைந்து மாட்டிக்கொண்டிருந்தது. தீக்குச்சியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுக்க வேண்டியிருந்தது.